சளசள நின்று சடசட கேட்கும்வரை: இத்தாலியக் கறி சாஸ் ஓர் எளிய அறிமுகம்

முதல்முறை செய்தபோது எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிட்டேன். கொத்துக்கறி, வெங்காயம், ஒரு டப்பா தக்காளி, ஒரு குவளை தண்ணீர். முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் சிவப்புத் தண்ணீரில் சாம்பல் நிறத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன. பாஸ்தாவின் மேல் ஊற்றியதும் தண்ணீர் தட்டின் விளிம்புக்கு ஓடிவிட்டது. கறி நடுவில் அநாதையாகக் குவிந்து கிடந்தது. வாங்கிய பொருள்களில் ஒரு குறையும் இல்லை. சேர்த்த வரிசையும் கொடுத்த நேரமும்தான் தப்பு.

இத்தாலியில் இந்த வகைக் கறி சாஸுக்கு ரகூ என்று பெயர். ராகு என்று எழுதினால் கிரகப் பெயர்ச்சி பார்க்க வந்தவர்கள் ஏமாந்துபோவார்கள் என்பதால் ரகூ என்றே எழுதுகிறேன். கடைசி எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. மந்தமான நாவுக்கு ருசியை மீட்டுத் தருவது என்ற பொருள் அதன் வேரில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், வட இத்தாலிய நகரமான போலோஞ்ஞாவுக்கு அருகிலுள்ள இமோலாவில், கர்தினால் ஒருவரின் சமையற்காரராக இருந்த அல்பெர்தோ அல்வீசி இந்தக் கறிக்கலவையைப் பாஸ்தாவோடு சேர்த்ததற்கான குறிப்பு கிடைத்திருக்கிறது. அந்தக் கர்தினால்தான் பின்னாளில் திருத்தந்தை ஏழாம் பயஸ் ஆனார். 1891இல் பெல்லெக்ரீனோ ஆர்த்தூசி வெளியிட்ட புகழ்பெற்ற சமையல் நூலிலும் போலோஞ்ஞா பாணி மக்ரோனி இருக்கிறது. கன்றுக்கறி, பன்றிக்கறி, வெண்ணெய், வெங்காயம், கேரட், செலரி, கறிச்சாறு. தக்காளி? ஒரு துளிகூட இல்லை.

இங்கேதான் புதிதாகச் சமைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கறி போட்ட தக்காளி சாஸ் என்று நினைத்து இறங்குகிறார்கள். போலோஞ்ஞா ரகூவில் தக்காளி துணைக்கு வரும் ஆள்; வீட்டுக்காரர் கறி. இத்தாலியச் சமையல் கழகம் 1982 அக்டோபர் 17 அன்று போலோஞ்ஞா வர்த்தக சபையில் ஒரு செய்முறையை முறைப்படி பதிவுசெய்தது. அதில் தக்காளி சாஸ் வெறும் 5 மேசைக்கரண்டி. 2023இல் அதைத் திருத்தி எழுதினார்கள். மாட்டுக்கறி 400 கிராம், பன்றிக்கறி 150 கிராம், அதற்கு அரைத்து வடிகட்டிய தக்காளிச் சாந்து 200 கிராமும் கெட்டியான தக்காளி விழுது ஒரு கரண்டியும் என்று ஆயிற்று. அப்போதும் தக்காளியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கறி. அதே பதிவில் என்னென்ன சேர்க்கக் கூடாது என்றும் ஒரு பட்டியல் உண்டு: பூண்டு, ரோஸ்மேரி, பார்ஸ்லி, கெட்டிப்படுத்த மைதா, புகையூட்டிய பன்றிக்கறி. கன்றுக்கறியும் அதில் விலக்கப்பட்டிருக்கிறது. ஆர்த்தூசி இன்று இருந்தால் அவருடைய செய்முறையே தேறாது! ஆகவே அசல் எது என்ற சண்டையில் நாம் தலையிட வேண்டாம். வேலை எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான் நமக்கு லாபம்.

தெற்கே நேப்பிள்ஸில் கதை வேறு. அங்கே கறியைக் கொத்துவதில்லை. பன்றியின் விலா எலும்பு, சுருட்டிக் கட்டிய மாட்டுக்கறி எனப் பெரிய துண்டுகளாக நிறையத் தக்காளியில் போட்டு, ஆறேழு மணி நேரம் அடுப்பில் வைத்திருப்பார்கள். கறியின் சாரம் இறங்கிய சாஸைப் பாஸ்தாவுக்கு எடுத்துக்கொண்டு, கறித்துண்டுகளை அடுத்த சுற்றில் தனியாகப் பரிமாறுவார்கள். இந்தக் கட்டுரை போலோஞ்ஞா முறையைப் பற்றியது. ஆனாலும் நேப்பிள்ஸிலிருந்து ஒரு சொல்லை மட்டும் கடன் வாங்கிக்கொள்கிறேன்: பிப்பியாரே. சாஸ் மெல்ல வேகும்போது அடியிலிருந்து ஒரு குமிழி ஏறி வந்து 'பிப்' என்று உடையும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அந்த ஓசைக்கே ஒரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். இந்தச் சமையலைக் காதால் செய்ய வேண்டும் என்பது எனக்கு அந்தச் சொல்லிலிருந்துதான் உறைத்தது.

பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை சளசளவென்று கேட்கும். தண்ணீர் போய்க் கொழுப்பு மட்டும் மிஞ்சியதும் சடசடவென்று பொரியும். ரகூ என்பது இந்த இரண்டு ஓசைகளும் மாறி மாறி வருவதுதான். ஒன்றைச் சேர், சளசளக்கும், காத்திரு, சடசடக்கும், அதன் பிறகே அடுத்தது. ஒவ்வொரு முறை தண்ணீர் வெளியேறும்போதும் ருசி பாத்திரத்திலேயே தங்கி அடர்த்தியாகிறது. நான் முதல்நாள் செய்த சாஸில் சடசட ஒருமுறைகூட வரவில்லை.

ஏன் அது அவ்வளவு முக்கியம்? தண்ணீர் இருக்கும் இடத்தில் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. கறி பழுப்பாகி, வறுத்த மணம் எழுவதற்கு 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் வினைபுரிந்து புதிய மணங்களை உண்டாக்குகின்றன. 1912இல் இதை விளக்கிய பிரெஞ்சு வேதியியலாளர் லூயி காமில் மையாரின் பெயராலேயே அதை மையார் வினை என்கிறோம். பச்சைக் கறியின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அரைக் கிலோவையும் ஒரே நேரத்தில் சிறிய சட்டியில் கொட்டினால், சட்டி சூடு இறங்கி, கறி விட்ட தண்ணீரிலேயே கறி வெந்துவிடும். நிறம் சாம்பல், ருசி சப்பை.

இனி அடுப்பங்கரைக்குப் போகலாம். ஆறு பேருக்கு 2023 பதிவின் அளவுகளே போதும்: கொரகொரப்பாகக் கொத்திய மாட்டுக்கறி 400 கிராம், பான்செட்டா 150 கிராம், வெங்காயம், கேரட், செலரி ஒவ்வொன்றும் சுமார் 60 கிராம், ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஒரு கண்ணாடிக் குவளை ஒயின், முன்பு சொன்ன தக்காளி, ஒரு குவளை கொழுப்பு நீக்காத பால், தேவைப்படும் கறிச்சாறு, உப்பு, மிளகு. பான்செட்டா என்பது பன்றியின் வயிற்றுப் பகுதிக் கறியை உப்பிட்டுப் பதப்படுத்தியது. மாட்டுக்கறியைக் கழுத்து, தோள்பட்டை போன்ற உழைத்த பகுதிகளிலிருந்து கேளுங்கள். ஐந்தில் ஒரு பங்கு வரை கொழுப்பு இருந்தால் நல்லது. கொழுப்பே இல்லாத கறியை வாங்கி இரண்டு மணி நேரம் வேகவைத்தால் மரத்தூள்தான் மிஞ்சும். மாவாக அரைத்த கறியும் வேண்டாம். கத்தியால் பொடியாகக் கொத்தப் பொறுமை இருந்தால் அதைவிடச் சிறந்தது வேறில்லை. எனக்கு வருடத்தில் இரண்டு நாள் அந்தப் பொறுமை வரும்.

பாத்திரம் அடிகனமாகவும் அகலமாகவும் இருக்கட்டும். மெல்லிய பாத்திரத்தில் கடைசி ஒரு மணி நேரம் முழுவதும் அடிப்பிடிக்குமோ என்ற கவலையிலேயே கழியும்.

எண்ணெயில் பொடியாக நறுக்கிய பான்செட்டாவைப் போட்டு, சிறு தீயில் கொழுப்பு உருகி வரும்வரை விடுங்கள். அதில் காய்கள் மூன்றும். இந்த மூன்றையும் பொடியாக நறுக்கி வதக்கிய கலவைக்கு சோஃப்ரித்தோ என்று பெயர். இத்தாலியில் எத்தனையோ சமையலுக்கு இதுதான் அடித்தளம். காய்கள் கறித்துணுக்கைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது, ஏனென்றால் கடைசியில் அவை தனியாகத் தெரியாமல் கரைந்துபோக வேண்டும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் தண்ணீர் விரைவாக வெளியே வரும். தீயைக் கூட்டி வெங்காயத்தைச் சிவக்க வைத்துவிடாதீர்கள். கண்ணாடி போலாகி, இனித்த மணம் வந்தால் சரி. பத்து முதல் பதினைந்து நிமிடம் ஆகும்.

காய்களை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டு, அதே பாத்திரத்தில் தீயைக் கூட்டிக் கறியை இரண்டு தடவையாகப் போடுகிறேன். போட்டதும் கரண்டியால் கிளறத் தோன்றும். கையைக் கட்டிக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் நில்லுங்கள். அடிப்பக்கம் பழுப்பேறட்டும். பிறகு உடைத்துவிட்டுப் புரட்டுங்கள். முதலில் சளசளக்கும், ஆவி எழும். ஆவி அடங்கிச் சடசடப்பு கேட்கும்வரை வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. இந்த இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து நிமிடம் போகலாம். அவசரக்காரர்கள் கைவிடும் இடமும் இதுதான். பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருப்பது தீய்ந்த கறை போலத் தோன்றும், ஆனால் சாஸின் ருசியில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது. அது கறுத்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காய்களைத் திரும்பக் கொட்டி, ஒயினை ஊற்றுங்கள். வெள்ளையோ சிவப்போ, இனிப்பில்லாததாக இருந்தால் போதும். ஊற்றிய கையோடு மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிவிட்டால் அந்தப் பழுப்பெல்லாம் கரைந்து கலக்கும். குனிந்து முகர்ந்து பார்த்தால் சுருக்கென்று மூக்கில் ஏறும். அந்தக் காட்டம் போகும்வரை வற்றவிடுங்கள். ஒயின் புழங்காத வீட்டில் கறிச்சாறு ஊற்றிச் சுரண்டலாம். ஒயினில் இருக்கும் புளிப்பு இல்லாமல் போகும், எனவே தக்காளியை ஒரு கரண்டி கூட்டிக்கொள்ளலாம். விருந்தே கெட்டுவிடாது.

அடுத்து தக்காளி விழுது. அதைத் திரவத்தில் கரைக்காமல் கொழுப்பிலேயே ஒரு நிமிடம் வதக்கினால் பச்சை வாசனை போய் நிறம் செங்கல்போல் ஆழமாகும். பிறகு தக்காளிச் சாந்து, கறி மூழ்கும் அளவுக்குச் சூடான கறிச்சாறு. உப்பை இப்போது குறைவாகவே போடுங்கள். பான்செட்டாவில் உப்பு உண்டு, வற்ற வற்ற இன்னும் ஏறும். இறுதியில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி இரண்டு மணி நேரம். கறி கொஞ்சம் முரடாக இருந்தால் மூன்று. தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, மூடியைச் சற்றுத் திறந்தாற்போல வைத்துவிடுங்கள். இப்போது கேட்க வேண்டியது அந்த நேப்பிள்ஸ் 'பிப்'. களகளவென்று கொதித்தால் தீ அதிகம்; சத்தமே இல்லை என்றால் தீ போதவில்லை. கொத்திய கறி பத்து நிமிடத்தில் வெந்துவிடுமே, இவ்வளவு நேரம் எதற்கு என்று நானும் கேட்டிருக்கிறேன். வேகுவது வேறு, இளகுவது வேறு. உழைத்த தசைகளைக் கட்டிவைத்திருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் ஈரமான சூட்டில் மெதுவாகத்தான் ஜெலட்டினாக மாறும். அந்த ஜெலட்டின் சாஸில் கலந்து உதடு ஒட்டும் பதத்தைத் தருகிறது. மைதா போடாமலே சாஸ் கெட்டியாவதற்கு, தண்ணீர் வற்றுவதோடு இதுவும் காரணம். கடுந்தீயில் வைத்தால் தண்ணீர் சீக்கிரம் போய்விடும், கொலாஜனுக்கு மட்டும் நேரம் கிடைக்காது. கறி இறுகி நறநறக்கும்.

பிரஷர் குக்கரில் வைக்கலாமா என்று தவறாமல் கேட்பார்கள். வைக்கலாம். கறி அரை மணியில் இளகிவிடும். ஆனால் மூடிய பாத்திரத்தில் தண்ணீர் எங்கே போகும்? திறந்த பிறகு இன்னொரு அரை மணி வற்றவிட்டே ஆக வேண்டும். சுட்டுப் பொரித்து வற்றவிடும் முதல் கட்டங்களை மட்டும் குக்கரிலும் தவிர்க்க முடியாது.

பாதி நேரம் கடந்ததும் பால். கறி சாஸில் பாலா என்று முகம் சுளிக்க வேண்டாம். 1982 பதிவிலேயே ஒரு குவளை பால் இருக்கிறது. 2023இல் விருப்பமிருந்தால் சேர்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். தக்காளி, ஒயின் இரண்டின் புளிப்பையும் பால் தணித்து, முனை மழுங்கிய ருசியைத் தருகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். சில சமயம் திரிந்ததுபோல் சிறு மணிகள் தெரியும். புளிப்பு இருக்கும் இடத்தில் அது இயல்பு, கிளறிக்கொண்டே இருந்தால் சற்று நேரத்தில் காணாமல் போய்விடும். நான் பாலை ஒருபோதும் விடுவதில்லை. பால் போட்டதையும் போடாததையும் அடுத்தடுத்துச் சாப்பிட்டுப் பார்த்தால் நீங்களும் விடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

அரை மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, வறண்டு தெரிந்தால் ஒரு கரண்டி சூடான சாறு ஊற்றிக் கிளறினால் போதும். முடிந்த பதம் எது? மரக்கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுங்கள். கோடு ஓரிரு நொடி அப்படியே நின்று, பிறகு மெதுவாக மூடிக்கொள்ளும். ஓரங்களில் ஆரஞ்சு நிறத்தில் கொழுப்பு பிரிந்து நிற்கும். கறித்துணுக்கை விரலால் நசுக்கினால் மசியும். நிறம் தக்காளிச் சிவப்பாக இராது, செம்பழுப்பு.

பாதிப் பேர் சாஸை நன்றாகச் செய்துவிட்டுப் பாஸ்தாவில் கோட்டைவிடுகிறார்கள். போலோஞ்ஞாவில் ரகூவுக்குத் துணை தாலியதெல்லே என்ற, முட்டை சேர்த்துப் பிசைந்த பட்டையான பாஸ்தா. அதன் அகலத்துக்கும் ஒரு பதிவு உண்டு என்றால் நம்புவீர்களா? 1972இல் தங்கத்தில் ஒரு தாலியதெல்லா செய்து அதே வர்த்தக சபையில் வைத்தார்கள். வெந்தபின் 8 மில்லிமீட்டர். நகரின் அசினெல்லி கோபுர உயரத்தில் 12,270இல் ஒரு பங்கு என்று கணக்கு. வேடிக்கையாகத் தோன்றினாலும் பட்டையான, சற்றுச் சொரசொரப்பான பரப்பில்தான் கறி ஒட்டும். வழுவழுப்பான உருண்டை ஸ்பகெட்டியில் கறி நழுவித் தட்டின் அடியில் தங்கிவிடும். உலகமெங்கும் ஸ்பகெட்டி போலோனீஸ் என்று விற்கப்படுவது எங்கள் ஊர்ப் பண்டம் இல்லை என்று 2019இல் போலோஞ்ஞா மேயராக இருந்த விர்ஜீனியோ மெரோலாவே குறைபட்டுக்கொண்டார். தாலியதெல்லே கிடைக்காவிட்டால் வரிவரியான குழாய்ப் பாஸ்தா எதையும் எடுக்கலாம். துணுக்குகள் உள்ளேயும் புகுந்துகொள்ளும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள். வடிக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை எடுத்து வையுங்கள், அதில் மாவுச்சத்து கரைந்திருக்கிறது. அகலமான வாணலியில் ரகூவைச் சூடாக்கி, பாஸ்தாவையும் இரண்டு கரண்டி அந்தத் தண்ணீரையும் சேர்த்து ஒரு நிமிடம் புரட்டுங்கள். மாவுச்சத்து, கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்து, சாஸைப் பாஸ்தாவின் மேல் பூசிவிடும். தட்டில் வெள்ளைப் பாஸ்தாவை வைத்து மேலே சாஸை ஊற்றினால் இது நடக்காது. அளவும் கவனம்: 100 கிராம் பாஸ்தாவுக்கு ரகூ கிட்டத்தட்ட அதே எடை, அதற்கு மேல் வேண்டாம். அடுப்பை அணைத்த பிறகு பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைத் துருவுங்கள். அது குறைந்தது 12 மாதம் முதிரவைத்த சீஸ். கொதிக்கும் சாஸில் போட்டால் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ளும்.

மாட்டுக்கறியோ பன்றிக்கறியோ சாப்பிடாதவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டியதில்லை. இத்தாலியிலேயே அப்ரூட்ஸோ பகுதியில் ஆட்டுக்குட்டிக் கறியிலும், வெனெத்தோவில் வாத்திலும் ரகூ செய்கிறார்கள். ஆட்டுக்கறியின் தோள்பட்டைப் பகுதி இதற்கு மிகவும் பொருந்தும். பான்செட்டா இல்லாத குறைக்கு இரண்டு கரண்டி வெண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். கோழியின் நெஞ்சுக்கறியை மட்டும் தவிருங்கள். அதில் கொலாஜன் குறைவு, நேரம் ஆக ஆக வறண்டுபோகும். தொடைக்கறி என்றால் ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடலாம்.

ஒருமுறை அடுப்பேற்றினால் இரண்டு மடங்காகச் செய்வதே புத்திசாலித்தனம். கறியை வதக்கும் தவணைகள் மட்டும் கூடும். ஆறியதும், அதாவது இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் மூன்று நான்கு நாள் இருக்கும். உறையவைத்தால் மூன்று மாதம். மறுநாள் எடுக்கும்போது மேலே கொழுப்பு உறைந்து, அடியில் சாஸ் ஜெல்லி போல் நிற்கும். முந்தைய நாள் காத்திருந்தது வீண்போகவில்லை என்பதற்கு அந்த ஜெல்லிதான் அத்தாட்சி. இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்துச் சிறு தீயில் வையுங்கள். முதலில் சளசளக்கும்.